கீழே மோட்டார், மேலே புறா

காஞ்சிபுரத்துக்குப் போனவள் கோயிலைப் பற்றி எழுதாமல் புறாக்கூண்டைப் பற்றி எழுதுகிறாளே, இவளுக்கு என்ன கேடு என்று என் தங்கை கேட்கிறாள். கேட்கட்டும். கோயில்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நானும் எல்லாவற்றையும் பார்த்தேன். பிரமாதமாகத்தான் இருந்தன. ஆனால் பினாங்குக்குத் திரும்பி வந்த பிறகு கண்ணை மூடினால் வந்து நிற்பது தாமல் பக்கம் வயல் நடுவில் பார்த்த அந்த உருண்டைக் கோபுரம்தான். அதற்கு நான் என்ன செய்ய?

என் அப்பா பினாங்கில் கட்டட வேலை எடுத்துச் செய்தவர். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராகப் போவது அவர் வேலை நடக்கும் இடத்துக்கு. மணல் குவியலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பிறகு தமிழ்ப் பள்ளியில் டீச்சர் ஆனேன், ஆனாலும் புது ஊருக்குப் போனால் மனிதர்களைவிடச் சுவர்தான் எனக்கு முதலில் கண்ணில் படும். யாராவது என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டுச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பேன். இந்தக் கெட்ட பழக்கத்தை அப்பா கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம், அறுபதுகளின் கடைசியில், தங்கை மகளுக்குக் கூறைப் புடவை வாங்கக் காஞ்சிபுரம் போனேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் முன்னமே சொல்லி வைத்திருந்தது. போய் இறங்கியதும் தறியிலேயே புடவையைக் காட்டினார். அரக்கு நிறம். விரலால் தடவிப் பார்த்தேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு முழம்தான்மா. ஆனா நாளிக்கி அமாவாசை. தறியில உக்கார மாட்டோம்."

"உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லையா?"

"ஞாயித்துக்கிழம வெள்ளக்காரன் லீவும்மா. எங்களுக்கு அமாவாசதான்."

சரி, ஒரு நாள் சும்மா கிடைத்தது. காலையில் மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு அவித்த இட்லி சாப்பிட்டேன். பினாங்கில் நாங்கள் சாப்பிடும் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும். இது கொஞ்சம் கெட்டி, ஆனால் வாசனை! இரண்டாவது இட்லியைக் கேட்க வெட்கப்பட்டு, மூன்றாவதாகவும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திருப்புட்குழிக்குப் பஸ் ஏறினேன். ராமர் ஜடாயுவுக்குக் காரியம் செய்த இடம் என்று சொல்கிறார்கள். ஒரு பறவைக்குக் காரியம் செய்த ஊரைப் பார்க்காமல் போவதாவது என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை. கண்டக்டரிடம் ஊர் வந்தால் சொல்லச் சொல்லியிருந்தேன். அவர் முன்சீட்டுக்காரரோடு சினிமாக் கதை பேசிக்கொண்டே வந்தார். கதை முடிந்தபோது பஸ் தாமல் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தது. "அடடே, நீங்க அங்கியே இறங்கி இருக்கணுமே" என்று என்னையே குறை சொல்லி இறக்கிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. ஏரியைப் பார்த்தேன். கடல் மாதிரிப் பெரிய ஏரி என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த வருஷம் நடுவில் ஒரு குட்டை மட்டும் மின்னியது, மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடந்த சேறு.

திரும்பிப் போக ஒரு ஜட்கா கிடைத்தது. ஓட்டியவர் காதர் பாய். குதிரையின் பெயர் சுல்தான். பெயருக்கேற்ற மாதிரி அதற்குத் தோன்றினால் நடக்கும், தோன்றாவிட்டால் நிற்கும். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது.

"ஜல்தி சுல்தான், ஜல்தி! அம்மா இன்னா நெனச்சிக்குவாங்க?" என்று காதர் பாய் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் தலையை வெளியே நீட்டினேன். வலப்பக்கம், நெல் வயலுக்கு நடுவில், ஒரு வெள்ளைக் கோபுரம்.

முதலில் மசூதி என்று நினைத்தேன். மேலே வட்டமான கும்மட்டம். அதற்கு மேலே கோயில் கலசம். இதென்ன கூத்து என்று பார்க்கும்போதே சுவரின் ஓட்டைகளிலிருந்து ஒரு கூட்டம் புறா கிளம்பி வயலைச் சுற்றி வந்து மறுபடியும் ஓட்டைகளுக்குள் புகுந்துகொண்டது.

"கபூதர்கானாம்மா, புறாக்கூண்டு. நவாபு காலத்துது. ஆற்காட்டுலருந்து சேதி கொண்டாற புறா இங்கதான் எறங்குமாம்" என்றார் காதர் பாய்.

குதிரை நின்றது நல்லதாகப் போயிற்று. வரப்பு வழியாக நடந்தேன்.

கிட்டே போனதும் நான் டீச்சர் என்பதே மறந்துவிட்டது. அரைத் தென்னை உயரம். கீழே அகலம், மேலே போகப் போகக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குறுகல். உள்ளங்கை அகலமே உள்ள பழைய சன்னச் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு ஆள் உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு பட்டை ஓடியது. அந்தப் பட்டையை மட்டும் கண்ணாடி மாதிரி இழைத்து, வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்படி விட்டிருந்தார்கள். அழகுக்காக என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், ஓட்டைகள் எல்லாம் அந்தப் பட்டைக்கு மேலேதான் ஆரம்பித்தன. பாம்போ மரநாயோ அதுவரை ஏறலாம், அதைத் தாண்டினால் வழுக்கி விழ வேண்டியதுதான். கைகூப்பின மாதிரி வளைந்த சின்னச் சின்ன வாசல்கள், ஒவ்வொன்றின் கீழும் புறா காலூன்ற ஒரு கல் விளிம்பு. ஒன்றின்மேல் ஒன்று நேராக இல்லாமல் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள், மேல்வீட்டுக்காரரின் எச்சம் கீழ்வீட்டுக்காரர் தலையில் விழாமல் இருக்க. பினாங்கில் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கே இந்த யோசனை வருவதில்லை.

சுற்றி வந்தேன். வடகிழக்குப் பக்கம் மட்டும் ஒரு ஓட்டைகூட இல்லை, மொட்டைச் சுவர். ஐப்பசி கார்த்திகையில் மழை அங்கிருந்துதானே அடிக்கும்! கட்டின மகராசன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குனிந்து நுழைகிற, பூட்டுப் போட்ட சின்னக் கதவுக்கு மேலே சுதையில் ஒரு பூனை செய்து வைத்திருந்தார்கள். புறாக்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்து, கண்ணை இறுக மூடித் தூங்குகிற பூனை. நான் தனியாகச் சிரித்தேன்.

கோபுரத்தை ஒட்டியிருந்த கிணற்றடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது, ஏனென்றால் முதுகோடு முதுகாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் பெயர் முருகேசன். பெண்டாட்டி கன்னியம்மா. அவன் பக்கத்தில் கடப்பாரை கிடந்தது.

நான் வெளியூர் டீச்சர் என்று சொன்னது இருவருக்குமே வசதியாகப் போயிற்று. ஒருவர் மேல் ஒருவர் என்னிடம் புகார் சொல்லத் தொடங்கினார்கள்.

முருகேசன் கதை இது. ஏரி காய்ந்துவிட்டது. நெல் பூவெடுக்கிற நேரம். மாட்டை வைத்து இறைத்தால் கால் வயலுக்குக்கூட எட்டவில்லை. பல காலம் காத்திருந்து இப்போதுதான் வயல்வரை கரண்டுக் கம்பம் வந்திருந்தது. மோட்டாரும் வாங்கி வீட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை லைன்மேன் வருவார். கிணற்றடியில் செங்கல் சுவர் வைத்துப் பூட்டுகிற மாதிரி ஓர் அறை இருந்தால் கரண்டு கொடுப்பார், இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஓலைக் கொட்டகை செல்லாது. செங்கல் சூளையில் இருந்த கல்லையெல்லாம் யாரோ ஆலை கட்ட அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கல்லு இல்ல. பயிரு காயுது. கண்ணெதிர்ல இவ்ளோ கல்லு நிக்குது. நான் இன்னாம்மா பண்றது?" என்றான். அவன் கேட்டதிலும் தப்பில்லை.

"அவுரு கடப்பாரையத் தொட்டாருன்னா நான் அடுப்பத் தொட மாட்டேன். ரெண்டு நாளா தொடல" என்றாள் கன்னியம்மா. அதிலும் தப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

கையில் நான்கு பச்சை வேர்க்கடலையைக் கொடுத்து, "அடுப்பு எரியல டீச்சரம்மா, இதத் தின்னுங்க" என்று உபசரித்தாள். பிறகு என்னைக் கோபுரத்துக்கு மறுபக்கம் அழைத்துப் போனாள்.

"இந்த வூட்டுக்கு மருமவளா வர்றவ மொதல்ல வூட்டுக்குள்ள கால வைக்கக் கூடாதும்மா. நேரா இங்க வந்து உள்ளங்கையில ஒரு பிடி கம்பு வச்சிக்கினு நிக்கணும். புறா எறங்கி வந்து கையில தின்னுச்சின்னா அப்பாலதான் வெளக்கேத்த வுடுவாங்க. எனக்கு எறங்கலம்மா. அன்னிக்கி எறங்கல, மறுநாளும் எறங்கல. எங்க மாமியா மூஞ்சத் திருப்பிக்கினாங்க. ஊரே பாத்துக்கினு நிக்குது, நான் இங்க கைய நீட்டிக்கினு அழுவுறேன். பொழுது சாயற நேரம் ஒண்ணே ஒண்ணு வந்துது. கழுத்துல பச்ச அடிக்கும் பாருங்க, அந்த மாதிரி. என் கையில குந்திக்கினு தின்னுச்சி. அன்னிக்கித்தாம்மா எனக்கு இந்த வூட்ல சோறு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அதும் வூட்ட இடிக்கிறேன்றாரு."

நவாப் கதையைப் பற்றிக் கேட்டேன். அழுகையெல்லாம் எங்கோ போய்விட்டது. "நவாபு வந்து செங்கல் அடுக்கினானா? எங்க மாமனாரோட பாட்டன் கட்னது!" என்றாள். கல்வெட்டு எதுவும் இல்லை. கும்மட்டத்தைப் பார்த்தால் காதர் பாய் சொல்வது சரி, கலசத்தைப் பார்த்தால் கன்னியம்மா சொல்வது சரி. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை நெசவாளர் வீட்டுக்குப் போனேன். "இன்னும் ஒரு முழம்தான்மா" என்றார். நேற்றைய முழம்தானா இது, இல்லை வேறு முழமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மனைவி காப்பி கொடுத்துவிட்டாள், பேசாமல் குடித்துவிட்டு வெளியே வந்தேன். சுல்தானும் காதர் பாயும் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கே போகவேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாங்கள் போனபோது முருகேசன் இடிக்க ஆரம்பித்துவிட்டான். வாசலுக்குப் பக்கத்தில் கடப்பாரையால் ஓங்கி ஓங்கி இடித்துக்கொண்டிருந்தான். கன்னியம்மா கொஞ்ச தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெற்ற பிள்ளையை யாரோ அடிக்கிற மாதிரி இருந்தது என்று சொன்னால் என் தங்கை சிரிப்பாள். உனக்கு ஏது பிள்ளை என்பாள். ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் சுவர் லேசுப்பட்டதாக இல்லை. கடப்பாரை ஒவ்வொரு முறையும் 'ணங்'கென்று எகிறியது. வெகுநேரம் போராடி அவன் பெயர்த்தது ஒரு கூடைத் துண்டுகள். நான் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். செங்கல் உடைந்திருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சுண்ணாம்புக் காரை உடையவே இல்லை. அப்பா இருந்திருந்தால் அதைக் கையில் வைத்துக் கொஞ்சியிருப்பார்.

"முருகேசா, முழுக்கோபுரத்தையும் இடித்தாலும் உனக்கு முழுசாக ஒரு செங்கல் கிடைக்காது. ஜல்லிதான் கிடைக்கும்" என்றேன்.

அவன் என்னை முறைத்தான். தனக்கே தெரிந்துவிட்ட விஷயத்தை இன்னொருத்தி சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? கடப்பாரையைத் தூக்கி எறிந்துவிட்டு, தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சி. வெள்ளிக்கிழமையும் போச்சி, பயிரும் போச்சி" என்றான்.

அவன் அப்படி உட்கார்ந்ததைக் கன்னியம்மாவால் பார்க்க முடியவில்லை. ஆனால் அவளுக்குச் சமாதானமாகப் பேசவும் தெரியவில்லை. கத்தினாள்.

"யோவ்! செங்கல் சொவுரு, கதவு, பூட்டு, அதானய்யா கேட்டான்? இது இன்னா மண்ணாங்கட்டியா? கொண்டாந்து உள்ள வையேன் உன் மோட்டார! கீழ உன் மோட்டாரு, மேல என் புறா!"

காதர் பாய்தான் முதலில் சிரித்தார்.

"எச்சம் மோட்டாரு மேல வுழுமே" என்றான் முருகேசன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உள்ளே போய்ப் பார்த்தேன். இருட்டு, குளிர்ச்சி, மேலேயிருந்து குறுகுறு என்று ஓயாத சத்தம். கண் பழகியதும் தெரிந்தது. ஓட்டைகளுக்கு உள்ளே ஒவ்வொரு கூடும் பக்கவாட்டில் மடங்கிப் போயிருந்தது, காற்றும் வெளிச்சமும் நேராக முட்டை மேல் படாதபடிக்கு. மேலே ஏறிப் போக, சுவரிலிருந்து செங்கற்களைப் படி மாதிரி நீட்டிச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். தலைக்குக் கொஞ்சம் உயரத்தில் சுவர் ஒரு சாண் உள்வாங்கி, சுற்றிலும் திட்டு மாதிரி நின்றது. எதற்கு விட்டான் என்று அந்தக் கட்டினவனைத்தான் கேட்க வேண்டும். பலகை பரப்பினால் கச்சிதமாக உட்காரும், எச்சமும் மோட்டார் மேல் விழாது என்று சொன்னேன். பழைய மாட்டுவண்டி ஒன்று தோட்டத்தில் மக்கிக்கொண்டிருந்தது. அதன் பலகைகளைக் கழற்றி, அன்று மாலையே திட்டின்மேல் பரப்பினார்கள். இடித்த இடத்தை அதே துண்டுகளை வைத்து அடைத்தான் முருகேசன். கன்னியம்மா சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்தாள். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் முதுகைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் புடவை கைக்கு வந்தது. மறுநாள் நான் சென்னைக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். ஆனாலும் புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தாமலுக்குத்தான் போனேன்.

லைன்மேன் கோபுரத்தைச் சுற்றி வந்தார். பூனையைப் பார்த்தார். "இது ரூமா, கோயிலா?" என்றார்.

"சொவுரு இருக்குது, கதவு இருக்குது, பூட்டு இருக்குது. எண்ணிப் பாத்துக்க சார்" என்றாள் கன்னியம்மா. அவர் சிரித்துக்கொண்டே இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முருகேசன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு சுவிட்சைப் போட்டான். மோட்டார் 'கும்'மென்று உறுமியது. சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கித் தருகிற குடம் மாதிரி அந்தக் கோபுரம் முழுக்க உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. அதே நொடியில் எல்லா ஓட்டைகளிலிருந்தும் புறாக்கள் வெடித்துக் கிளம்பின. வானமே படபடத்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு ஏரிப்பக்கம் போய் மறைந்துவிட்டன.

முருகேசன் அதைப் பார்க்கவில்லை. வாய்க்காலில் இறங்கி முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தான். மண்வெட்டியோடு மடை மடையாக ஓடினான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பக்கம் திரும்பினால் கன்னியம்மா கையில் கம்பு வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

வெயில் ஏறியது. அவள் அசையவில்லை. வாடியம்மா, நிழலில் வந்து உட்கார் என்றேன். "மேல குஞ்சுங்க இருக்குதும்மா" என்றாள். மோட்டார் சத்தத்துக்கு நடுவே காது வைத்துக் கேட்டால், கூடுகளிலிருந்து பசியில் கீச்சிடுவது கேட்டது. காதர் பாய் தொழுகையை முடித்துவிட்டு வந்து, குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு புறாகூடத் திரும்பி வரவில்லை. அடுத்தவர் கோபுரத்துக்காக நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

பொழுது ஏரிக்கரை மேல் இறங்கத் தொடங்கியபோது முருகேசன் வந்தான். முழங்கால்வரை சேறு. பாதி வயல்தான் நனைந்திருந்தது. மறுபாதி வெடித்தபடியே கிடந்தது. கம்போடு நீண்டிருந்த அவள் கையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். குனிந்து உள்ளே போனான்.

மோட்டார் நின்றது.

அப்புறம் வாய்க்காலில் தண்ணீர் வடியும் சத்தம் மட்டும். நாங்கள் நாலு பேரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுல்தான் காதை நிமிர்த்தியது. ஏரிப்பக்கம் ஒரு கரும்புள்ளி, அப்புறம் ஒரு பிடி கம்பை வீசின மாதிரி பல புள்ளிகள். குஞ்சு வைத்திருந்தவை நேராகக் கூட்டுக்குள் பாய்ந்தன. மற்றவை கும்மட்டத்தில் உட்கார்ந்து எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தன. ஒன்று மட்டும் கீழே இறங்கி, கன்னியம்மாவின் கட்டைவிரலில் உட்கார்ந்து, அவசர அவசரமாகக் கொத்தித் தின்றது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மிச்சக் கம்பைத் தரையில் உதறினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நனையாத பாதி வயலை ஒரு முறை பார்த்தாள். அந்தத் தூங்குமூஞ்சிப் பூனைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

'கும்'மென்று மோட்டார் மறுபடியும் உறுமியது.

புறாக்கள் சடாரென்று எழும்பின. ஒரு சுற்றுதான். ஏரிவரை போகவில்லை. கும்மட்டத்தில் வந்து உட்கார்ந்து சலசலவென்று முறையிட்டன. ஒன்றிரண்டு துணிந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, நுழைந்தன.

"ஏன்மே போட்ட?" என்றான் முருகேசன்.

"பயிரும் குடிக்கணுமில்ல?" என்றாள் கன்னியம்மா, வெளியே வந்து கையைத் துடைத்தபடி. "வா, களி கிண்டுறேன், கருவாட்டுக் கொழம்பு வைக்கிறேன். டீச்சரம்மாவும் சாப்பிட்டுத்தான் போவணும். அதுங்க நாலு நாளு கத்தும், அப்பால பழகிடும். இந்த வூட்டுக்கு வந்து நான் பழகிக்கல?"

முருகேசன், அவள் உதறிய கம்பில் தரையில் கிடந்ததையெல்லாம் குனிந்து பொறுக்கி, சேற்றுக் கையில் ஏந்திக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.